கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

டாக்டரம்மா பதில்கள்

போன இதழில் மாதவிடாய் தள்ளிப்போவதைப் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பிரித்தால் முக்கால்வாசியில் ஒரே சொல்தான்: நீர்க்கட்டி. சிலர் பிசிஓடி என்கிறார்கள், சிலர் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்கிறார்கள், 'கர்ப்பப்பையில் கட்டி' என்று பயந்துபோய் எழுதியவர்களும் உண்டு. எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. 13 வயதில் பெரியவளானாள். 50 நாள், 60 நாளுக்கு ஒருமுறைதான் தீட்டு வருகிறது. ஸ்கேன் எடுத்ததில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டி உடைந்துவிடுமா? ஆபரேஷன் செய்ய வேண்டுமா? ஒழுங்காக உளுந்தங்களி கொடுக்காததால்தான் இப்படி என்கிறார் மாமியார். போதாக்குறைக்குக் கழுத்து வேறு கருத்துக்கொண்டே போகிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.
— ஒரு தாய், அருப்புக்கோட்டை

பதில்: கழுத்தைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி.

இரண்டு வருடம் முன்பு, அக்னி நட்சத்திரத்தில், இதே வயதில் ஒரு பிள்ளை கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவோடு என் கிளினிக்குக்கு வந்தது. கரண்ட் இல்லை. வியர்வை ஊற்றுகிறது, ஆனாலும் துப்பட்டாவை எடுக்க மாட்டேன் என்கிறது. மெதுவாகப் பேசி எடுத்துப் பார்த்தால் பின்கழுத்துத் தோல் கருப்பாகத் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கிறது. அதன்மேல் சிவப்புச் சிவப்பாகக் கீறல்கள். "தினமும் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கிறேன் டாக்டர், அழுக்கு போகவே மாட்டேங்குது" என்றார் அம்மா. ஒரு வருடமாகத் தேய்த்திருக்கிறார். பள்ளியில் 'நீ குளிக்கவே மாட்டியா' என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையோ ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்துக்கொண்டிருந்தது.

அம்மா, அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் அளவுக்கு மேல் ஓடுகிறது என்று தோல் எழுதிக் காட்டுகிற சீட்டு. நாம் சாப்பிட்டதைத் தசைக்குள் அனுப்புகிற வேலை இன்சுலினுடையது. சிலருக்கு, பெரும்பாலும் குடும்பவாகில், தசைக்கு இன்சுலினின் குரல் சரியாகக் கேட்பதில்லை. கணையம் என்ன செய்யும்? இன்னும் உரக்கக் கத்தும். காது மந்தமான தாத்தாவை எழுப்ப வீடே கூச்சல் போட்டால் தாத்தா எழுகிறாரோ இல்லையோ, தொட்டிலில் இருக்கிற குழந்தை எழுந்துவிடும் இல்லையா? இங்கே கழுத்துத் தோலும் சினைப்பையும்தான் அந்தக் குழந்தை. அவற்றுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. தோல் தடிக்கிறது. சினைப்பை வழக்கத்தைவிட அதிகமாக ஆண்ட்ரோஜென் சுரக்கிறது. இந்த ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் உண்டு, இவர்களுக்குக் கூடுதல். அதனால் கருமுட்டை பாதி வளர்ந்து நின்றுவிடுகிறது, தீட்டு தள்ளிப்போகிறது, முகத்தில் பரு வருகிறது.

ஆக, ஸ்கேனில் தெரிந்தவை கட்டிகளே இல்லை. பாதி வளர்ந்து நின்ற முட்டைப் பைகள். கடுகிலிருந்து கொண்டைக்கடலைக்குள் இருக்கும் அளவு. முழுதாக வளர்ந்து வெளியேறப்போகிற முட்டையின் பையே சின்ன அருநெல்லிக்காய் அளவுக்கு, ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் வரை போகும். அதற்குப் பெயர் கட்டி என்றால் நாம் எல்லாரும் மாதாமாதம் கட்டியோடு திரிந்தவர்கள்தான். உடையாது, முறுக்காது, ஆபரேஷன் வேண்டாம். '30 நாளில் நீர்க்கட்டியைக் கரைக்கும்' என்று விற்கிற சூரணத்தையும் வாங்காதீர்கள். கரைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பாலிசிஸ்டிக், அதாவது 'பல நீர்க்கட்டி' என்ற இந்த இங்கிலீஷ் பெயரே ஆளைக் குழப்புகிறது, மாற்றுங்கள் என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2012இல் கூட்டிய நிபுணர் குழு சொன்னது. நம் தமிழ்ப் பெயர் இன்னும் மோசம். 'கட்டி' என்ற சொல் காதில் விழுந்ததும் தாய்மாருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது.

இன்னொன்று. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகிற வரைக்கும் சாதாரணப் பிள்ளைகளின் சினைப்பையே இப்படித்தான் தெரியும். அதனால் அந்த வயதில் ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யாதீர்கள் என்கிறது 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். எடுத்த ஸ்கேனைத் திருப்பிக் கொடுக்க முடியாது, பீரோவில் வையுங்கள்.

நாள் கணக்குக்கு வருவோம். வயதுக்கு வந்த முதல் வருடம் எப்படி வந்தாலும் கணக்கில்லை. அடுத்த இரண்டு வருடம் 21 நாளிலிருந்து 45 நாளுக்குள் வந்தால் சரி. அதற்கு மேல் 35 நாளுக்குள் வர வேண்டும். முதல் வருடம் முடிந்த பிறகு ஒரு தடவைகூட 90 நாளைத் தாண்டக் கூடாது. உங்கள் மகள் 50, 60 என்கிறீர்கள், கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறாள். கழுத்தும் கருத்திருக்கிறது. 'உனக்கு இந்த நோய்' என்று இப்போதே பட்டம் கட்ட வேண்டாம். வர வாய்ப்புள்ள பிள்ளை என்று வைத்துக்கொண்டு கவனியுங்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கிற ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண்ட்ரோஜென்களில் ஒன்று), அதோடு குளுக்கோஸ் குடிக்கவைத்து எடுக்கிற சர்க்கரை டெஸ்ட், இவற்றை ஒருமுறை பார்த்துவிடலாம். தீட்டு வரும் தேதியை மாதக் காலண்டரில் வட்டம் போடச் சொல்லுங்கள். தினசரி கிழிக்கிற காலண்டர் வேண்டாம், தாளோடு கணக்கும் குப்பைக்குப் போய்விடும்.

உளுந்தங்களி நல்ல சாப்பாடு, மருந்து இல்லை. என் அம்மா கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிப் பதினாறு நாள் எனக்கு ஊட்டினார். அப்படியும் எனக்கு வந்தது. அந்தக் கதை கீழே.

பீர்க்கங்காய் நாரை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: வயது 27, எடை 49 கிலோ. ஐடி வேலை. எனக்குப் பிசிஓஎஸ் என்கிறார் டாக்டர். குண்டாக இருப்பவர்களுக்குத்தானே வரும்? ஆபீஸில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 1935இல் சிகாகோவில் ஸ்டீன், லெவன்தால் என்று இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய் வராமை, முகத்தில் முடி, பெரிய சினைப்பை. நான் எம்பிபிஎஸ் படித்த எண்பதுகளின் தொடக்கத்தில்கூடப் பாடப்புத்தகத்தில் இதற்கு ஸ்டீன்–லெவன்தால் என்றுதான் பெயர். பரீட்சைக்கு அதை மனப்பாடம் செய்தபோது என் மனதில் இருந்த உருவம் பருத்த உடம்பும் மீசையும் உள்ள ஒரு பெண். அப்போது நான் 46 கிலோ. ஹாஸ்டல் பாத்ரூமில் விளக்கைப் போட்டுக்கொண்டு, தோழிகள் எழும் முன் பிளக்கரால் மோவாய் முடியைப் பிடுங்கிவிட்டு, வந்து உட்கார்ந்து அதே பக்கத்தைப் படித்தேன். எனக்கு மூன்று மாதம், நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அந்தப் பக்கத்தில் இருப்பது நான்தான் என்று உறைக்கவே இல்லை. கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லாமல் என் பழைய பேராசிரியை முன்னால் போய் உட்கார்ந்தபோது, அவர் என் மோவாயைத்தான் முதலில் பார்த்தார்.

அதனால் உங்களை நான் நம்புகிறேன். எடை கூடினால் இது முற்றும் என்பது உண்மை, ஆனால் ஒல்லியானவர்களுக்கும் வரும். 2003இல் ராட்டர்டாமில் கூடி வகுத்த விதிப்படி மூன்றில் இரண்டு இருந்தால் போதும்: மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜென் அதிகம் என்பதற்கு முகத்திலோ ரத்தத்திலோ அடையாளம், ஸ்கேனில் அந்தச் சின்னப் பைகள். எடை என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஸ்கேனுக்குப் பதிலாக, பெரியவர்களுக்கு மட்டும், ஏஎம்எச் என்கிற, முட்டைப் பைகள் சுரக்கும் ஹார்மோனை அளக்கிற ரத்தப் பரிசோதனையும் இப்போது செல்லும். ஆனால் தைராய்டும் புரோலாக்டினும் பார்த்து, 'அவை காரணம் இல்லை' என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். பார்த்தார்களா என்று ரிப்போர்ட்டைப் புரட்டுங்கள். ஒல்லி என்பதால் யாரும் உங்களைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்ல வேண்டியதில்லை. நடை, கொஞ்சம் எடை தூக்குகிற பயிற்சி, வருடா வருடம் சர்க்கரை டெஸ்ட். ஆபீஸில் நம்பாவிட்டால் போகிறார்கள்.

கேள்வி: 34 வயது, இரண்டு பிள்ளைகள். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதிதான். இதற்கு எதற்கு மருந்து? கெட்ட ரத்தம் உள்ளே சேரும் என்று அக்கா பயமுறுத்துகிறாள்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை, அக்காவிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் அக்கா பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கர்ப்பப்பையின் உள்சுவருக்கு மாதாமாதம் ஒரு பூச்சு ஏறும். ஏற்றுவது ஈஸ்ட்ரோஜென். கருமுட்டை வெளியேறினால்தான் புரோஜெஸ்டிரோன் சுரக்கும், அது இறங்கும்போது பூச்சு மொத்தமாக உதிர்ந்து தீட்டாக வரும். முட்டை வெளியேறாத மாதங்களில் சுரண்டாமல் பூச்சு மேல் பூச்சு. பழைய சுவரைச் சுரண்டாமல் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள், ஒருநாள் அங்கங்கே பொக்கு பொக்காகப் பெயர்ந்து விழும். இங்கே அது இருபது நாள் நிற்காத உதிரப்போக்காக வரும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தச் சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுகிறது. இந்த வயதில் அது அபூர்வம்தான், ஆனால் தடுக்கிற வழி சுலபமாக இருக்கும்போது எதற்கு விட வேண்டும்?

மூன்று மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். புரோஜெஸ்டிரோன் மாத்திரையை டாக்டர் சொல்லும் நாட்களுக்குப் போட்டு நிறுத்தினால் உதிர்ந்துவிடும். பிள்ளைகள் போதும் என்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் கலந்த லூப்பும் உண்டு, அது பூச்சு ஏறவே விடாது. அதைப் போட்ட பிறகு தீட்டு குறைந்தாலும் நின்றாலும் அந்த நிம்மதி நிஜமானது.

மாத்திரைக்கு முன்னால் ஒரு கர்ப்பப் பரிசோதனை. சிரிக்காதீர்கள். 'எனக்குத்தான் வராதே' என்று இருந்துவிட்டு ஐந்தாம் மாதத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முட்டை எப்போதாவது வெளியே வரத்தான் செய்கிறது, சொல்லிவிட்டு வருவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: கல்யாணமாகி மூன்று வருடம். வயது 29, எடை 74. ஒரு மையத்தில் நேராக ஐவிஎஃப் என்று பேக்கேஜ் விலை சொன்னார்கள். உள்ளூர் டாக்டர் லெட்ரசோல் எழுதினார். மருந்துக் கடையில், "இது கேன்சர் மாத்திரையாச்சே, யாருக்கு?" என்று கேட்டார்கள். பயந்துபோய் வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டில் மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம். உங்கள் சினைப்பை, எடை, தைராய்டு, மாமியார், ஜாதகம் எல்லாம் வருகிறது. கணவரின் விந்தணுப் பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. எடுத்தாரா? எடுக்கவில்லை என்றால் முதலில் அதுதான். ஒரு சின்ன டப்பா, ஒரு காலை நேரம், முடிந்தது. அதைப் பார்க்காமல் உங்களை ஐவிஎஃப் வரை ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லெட்ரசோல் மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து என்பது உண்மை. ஆனால் இங்கே அதற்கு வேறு வேலை. தீட்டு வந்த தொடக்கத்தில் ஐந்து நாள் போடும்போது ஈஸ்ட்ரோஜென் கொஞ்சம் இறங்கும். மூளை அதைப் பார்த்து, 'முட்டை வளரவில்லை போல' என்று நினைத்துக் கூடுதலாக உத்தரவு அனுப்பும், முட்டை வளரும். கரு பதிகிற நேரத்துக்குள் மாத்திரை உடம்பை விட்டுப் போயிருக்கும். 2014இல் அமெரிக்காவில் இந்தக் கோளாறு உள்ள 750 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், ஐந்து சுழற்சி வரை கொடுத்துப் பார்த்தபோது, லெட்ரசோல் போட்டவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். எங்கள் காலத்து மருந்தான குளோமிஃபினில் அது 19.1 சதவீதம். அதனால் இன்று சர்வதேச வழிகாட்டுதலில் முதல் மருந்தே லெட்ரசோல்தான். எனக்குக் கொடுத்தது குளோமிஃபின். மூன்றாவது மாதத்தில் கரு தங்கியது. என் மகன் இப்போது உங்களைவிடப் பெரியவன்.

உங்கள் டாக்டர் சரியாகத்தான் தொடங்கியிருக்கிறார். போய் மாத்திரையை வாங்குங்கள். வாங்கிய கையோடு ஃபோலிக் அமிலமும். ஸ்கேனில் முட்டை வளர்வதைப் பார்த்துக்கொண்டு சில மாதம் போகட்டும். இடையில் நான்கைந்து கிலோ இறங்கினால் மாத்திரை இன்னும் நன்றாக வேலை செய்யும். ஐவிஎஃப் எங்கும் ஓடிப்போகாது. மற்ற வழிகள் முடிந்த பிறகோ, குழாய் அடைப்பு மாதிரி வேறு காரணம் இருந்தாலோ, அப்போது பார்க்கலாம்.

முழுகாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்த உடனே சர்க்கரை பாருங்கள், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுப்பது. நம்மூர் அரசு ஆஸ்பத்திரிகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்கிறார்கள். உங்களுக்கு அது மற்றவர்களைவிட முக்கியம், ஏழாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

மாமியாருக்கு என்னிடம் மருந்து இல்லை. அந்த விந்தணு ரிப்போர்ட்டை ஹாலில் டிவி மேல் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு. மோவாயிலும் மேலுதட்டிலும் முடி. ஷேவ் செய்தால் ஆண்கள் மாதிரி தடித்து வளரும் என்கிறார்கள். டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதினார், அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு அழுகிறார். ஆன்லைன் வகுப்பில்கூடக் கேமராவை அணைத்துவிடுகிறேன்.
— மாணவி, நாகர்கோவில்

பதில்: மகளே, தடித்து வளராது. பிளேடு முடியைக் குறுக்கே வெட்டுவதால் நுனி மழுங்கி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். வேர் தோலுக்குள்ளே இருக்கிறது, பிளேடு வந்தது அதற்குத் தெரியாது. ஷேவ் செய்யலாம், த்ரெடிங் செய்யலாம், கஸ்தூரி மஞ்சள் பூசலாம். மஞ்சளால் முடி நிற்காது, முகம் மணக்கும். கையில் காசு இருந்தால் லேசர், ஆனால் உள்ளே ஹார்மோனைக் கட்டாமல் லேசர் மட்டும் செய்தால் திரும்ப வரும்.

அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அம்மா, அட்டையில் 'கருத்தடை' என்று இருப்பது அந்த மாத்திரையின் ஒரு வேலை மட்டும். அதே மாத்திரை சினைப்பையின் ஆண்ட்ரோஜெனைக் குறைக்கிறது, ரத்தத்தில் சுற்றுகிற மீதியைக் கட்டிப்போடுகிற புரதத்தைக் கூட்டுகிறது, கர்ப்பப்பைப் பூச்சை மாதாமாதம் உதிரவைக்கிறது. நிறுத்தினால் பிள்ளை பிறக்காது என்பது கட்டுக்கதை. ஒற்றைத் தலைவலியில் கண்முன் மின்னல் தெரிபவர்கள், பிரஷர் உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்கள் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். ஒரு முடி பிறந்து உதிரவே மாதக்கணக்காகிறது, பொறுத்துக்கொள். ஒன்றை மட்டும் நினைவில் வை: சில மாதத்துக்குள் முடி கிடுகிடுவென்று கூடி, குரலும் கட்டையாக மாறினால் அது இந்தக் கோளாறு இல்லை, உடனே காட்ட வேண்டும்.

கேமரா விஷயம் என்னை உறுத்துகிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்பதால், கண்டுபிடித்த நாளிலேயே மனநிலையையும் கேளுங்கள் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டுதலே இருக்கிறது. எங்களில் பலர் கேட்பதில்லை. தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் நீயே வாயைத் திறந்து சொல்.

கேள்வி: 31 வயது, ஆசிரியை, 70 கிலோ. அரிசியை அடியோடு விட்டுக் காலையும் இரவும் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேன். பாலும் கூடாது என்றார்கள், டீக்கு மட்டும் விதிவிலக்கு, நாலு வேளை. ஒரு கிலோகூட இறங்கவில்லை. மெட்ஃபார்மின் வேறு கொடுத்திருக்கிறார்கள், எனக்குச் சர்க்கரை இல்லையே?
— வாசகி, காரைக்குடி

பதில்: டீயில் சர்க்கரை எத்தனை ஸ்பூன்? நீங்கள் எழுதவில்லை, நான் இரண்டு என்று வைத்துக்கொள்கிறேன். நாலு வேளைக்கு எட்டு ஸ்பூன், ஒரு ஸ்பூன் நாலு கிராமுக்குக் குறையாது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை, உங்கள் ஒருத்தர் டம்ளரில் மட்டும். அரிசியை மன்னித்துவிடலாம்.

கேழ்வரகை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் கடகடவென்று சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சிறுதானியம் என்ற பெயருக்கு உடம்பு மரியாதை கொடுப்பதில்லை. இந்தக் கோளாறுக்கென்று தனிச் சாப்பாட்டு முறை எதுவும் மற்றதைவிட உசத்தி என்று நிரூபணமாகவில்லை. உங்களால் பத்து வருடம் சாப்பிட முடிகிற சாப்பாடுதான் உங்களுக்கு நல்லது. தட்டில் பாதி கூட்டும் பொரியலும், கால்வாசி சுண்டலோ முட்டையோ மீனோ, மீதிக் கால்வாசியில் சோறு. காரைக்குடியில் இருந்துகொண்டு இதற்குக் குறை சொன்னால் அடுக்காது. பாலை விட வேண்டியதில்லை.

70 கிலோவில் 5 சதவீதம் என்றால் மூன்றரைக் கிலோ. அது இறங்கினாலே பலருக்குத் தீட்டு ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. 50 கிலோ ஆக வேண்டும் என்று கனவு காணாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி. தண்ணீர்க் குடம் தூக்கிய காலத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எடை இறங்காவிட்டாலும் நடையை நிறுத்தாதீர்கள், தசைக்குக் காது கேட்கத் தொடங்கும். மெட்ஃபார்மினும் அதற்குத்தான், உங்களுக்குச் சர்க்கரை நோய் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு போடுங்கள், குறைந்த அளவில் தொடங்கி ஏற்றச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் போடுவதானால் பி12 ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?
— வாசகி, வேலூர்

பதில்: மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு அறிக்கை விட வேண்டாம். 'எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வராது, மருந்து எடுக்கிறேன், குழந்தைக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படலாம்.' அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் பத்துப் பெண்களில் ஒருத்திக்காவது இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, அதிலும் பெரும்பாலோருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. பதிலுக்கு அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் உண்டா என்று நீங்களும் கேளுங்கள். முகம் கோணினால் நல்லது, முன்னாலேயே தெரிந்ததே.

கேள்வி: எனக்கு 52. போன வருடத்தோடு மாதவிடாய் நின்றுவிட்டது. 20 வயதிலிருந்து நீர்க்கட்டிக்கு மருந்து சாப்பிட்டவள். இனி அந்தத் தொல்லை விட்டது, டாக்டர் பக்கமே போக வேண்டாம் அல்லவா?
— வாசகி, திருச்சி

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன், அதுவும் நிற்பதற்கு முன்னாலேயே. பிள்ளைகள் பிறந்தாயிற்று, இனி என்ன என்று என் பக்கத்தை மூடிவிட்டேன். தினம் நாற்பது கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லி எழுதிய கை, எனக்கு ஒரு சீட்டு எழுதவில்லை. 46 வயதில், ஒரு நீண்ட ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது தாகம் தாகமாக எடுத்தது. இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. லேப் பையன் விரலில் குத்தி, மெஷினைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு விரலில் குத்தினான். 312.

தீட்டு நின்றது சரி, தாத்தாவின் காது மந்தம் நிற்கவில்லை. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பாருங்கள், அப்புறம் வருடா வருடம். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிகம். தீட்டு நின்ற பிறகு எப்போதாவது ஒரு சொட்டு ரத்தம் பட்டால்கூட அன்றைக்கே காட்ட வேண்டும், 'சூடு' என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

மோவாய் முடி போகுமா என்று அடிக்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் போகவில்லை. பிளக்கர் அப்படியே இருக்கிறது, இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.